கடற்கரை மதகும் செம்பனைக் காடும்: பருவநிலை மாற்ற ஆய்வுகள் வட சிலாங்கூருக்குச் சொல்வது என்ன?

பருவநிலை மாற்றம் என்றதும் நம்மில் பலருக்கு உருகும் பனிமலையும் மெலிந்த துருவக் கரடியும்தான் கண்முன் வந்து நிற்கும். எங்கோ குளிர்நாட்டில் நடக்கும் செய்தி அது என்ற எண்ணம் நம்மிடம் இயல்பாகவே படிந்துவிட்டது. ஆனால் கோலா சிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று நீளும் வட சிலாங்கூர் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவர், நம் நாட்டு அரசாங்கம் வெளியிட்ட பருவநிலை ஆய்வறிக்கைகளை எடுத்துப் புரட்டினால், அவற்றில் தம் வீட்டு வாசலையே காணலாம். கால்வாய், செம்பனை மரம், ஆற்று நீர், கடற்கரைப் பண்டு ஆகிய அனைத்தும் அங்கே எண்களாக மாறியிருக்கின்றன.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாகவே ‘வான்சிறப்பை’ வைத்தார். மழையின் அருமையைத் தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியில் துண்டு விழும். மழையையும் வருமானத்தையும் ஒரே மூச்சில் பேசிய சமுதாயம் நம்முடையது. எனவே, மழையும் கடலும் எப்படி மாறப்போகின்றன என்று ஆராயும் அறிவியல் நமக்கு அந்நியமானதன்று. அந்த ஆய்வுகள் சொல்லும் செய்தியை எளிய தமிழில் விளக்குவதும், அவை இன்னும் எட்டாத ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தென்னமரம் என்னும் தோட்டம்

முதலில் நிலத்தைப் பார்ப்போம். பெஸ்தாரி ஜெயா என்று 2007ஆம் ஆண்டில் பெயர் மாற்றம் கண்ட பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் ‘தென்னமரம்’ என்ற தோட்டம் இருக்கிறது. பெயரிலேயே தமிழ் மணக்கும் இத்தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. சரியாக விளையாத காப்பிச் செடிகளுக்கு மாற்றாகச் செம்பனையை நட்டவர் ஹென்றி ஃபொக்கொனியே என்ற பிரெஞ்சுத் தோட்டத்துரை. பின்னாளில் மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930ஆம் ஆண்டின் கொங்கூர் பரிசும் கிடைத்தது. துரையின் பெயர் வரலாற்றில் நின்றது. காட்டை அழித்து, கால்வாய் வெட்டி, கன்று நட்ட கைகளின் பெயர்கள் நிற்கவில்லை.

வட சிலாங்கூரின் கடலோரச் சமவெளி இயற்கையாகவே நீர் வடியும் நிலமன்று. கடற்கரையை ஒட்டி உப்பங்கழிச் சேறு உறைந்து உருவான களிமண். அதற்கு உட்புறத்தில் பீட் எனப்படும் கரிச்சதுப்பு மண். அதற்கும் அப்பால்தான் மேட்டு நிலம். கடலோரத் தாழ்நிலங்களின் பல பகுதிகள் கடல் ஏற்றத்தின்போது உயரும் நீர்மட்டத்துக்குக் கீழேயே இருக்கின்றன. அங்கே பயிர் செய்ய வேண்டுமானால் மூன்று வேலைகள் நடந்தாக வேண்டும். கடல்நீர் உள்ளே வராமல் மண் பண்டு கட்ட வேண்டும். மழைநீர் வெளியேறக் கால்வாய் வெட்ட வேண்டும். இரண்டும் சேருமிடத்தில் மதகு வைக்க வேண்டும். தோட்டக்காரர்களும், பின்னர் வடிகால் நீர்ப்பாசனத் துறையாகிய ஜே.பி.எஸ்.ஸும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் ஏற்பாடு இது. இந்த மூன்றும் ஒழுங்காக இயங்கும்வரைதான் அங்கே செம்பனையும் தென்னையும் குடியிருப்பும்.

ஒல்லாந்துக்காரர்கள் தங்கள் நாட்டையே இப்படிப் பண்டும் மதகும் கொண்டு கடலிடமிருந்து பிரித்தெடுத்தவர்கள். அவர்கள் 1784ஆம் ஆண்டில் கோலா சிலாங்கூர் புக்கிட் மெலாவத்தியில் கோட்டையைக் கைப்பற்றிச் சில காலம் வைத்திருந்தனர் என்பது வரலாற்றின் ஒரு சுவையான ஒற்றுமை.

ஆய்வுகள் பிறந்த கதை

ஐக்கிய நாட்டுச் சபையின் பருவநிலை மாற்ற ஒப்பந்தத்தை மலேசியா 1994ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு, தன் மண்ணில் ஏற்படக்கூடிய பாதிப்புகளைக் கணித்து அறிக்கை தர வேண்டும். அதன்படி நம் அரசாங்கம் முதல் தேசிய அறிக்கையை 2000ஆம் ஆண்டிலும், இரண்டாவதை 2011ஆம் ஆண்டிலும், மூன்றாவதை 2018ஆம் ஆண்டிலும் சமர்ப்பித்தது. இவற்றுக்குப் பின்னணியில் பல அரசாங்க ஆய்வு நிறுவனங்கள் உழைத்தன. 1995ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட தேசிய நீரியல் ஆய்வுக் கழகமாகிய நஹ்ரிம், மலேசிய வானிலை ஆய்வுத் துறை, ஜே.பி.எஸ்., நெல்லுக்கு மார்டி, செம்பனைக்கு மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

2000ஆம் ஆண்டின் முதல் அறிக்கையிலேயே தோட்டத்துறைக்கு ஓர் எச்சரிக்கை இருந்தது. கடல்மட்டம் ஒரு மீட்டர் உயருமானால், வெள்ளத்தால் ஏறத்தாழ 100,000 ஹெக்டர் செம்பனை நிலமும் 80,000 ஹெக்டர் ரப்பர் நிலமும் பயிரீட்டுக்கு உதவாமல் போகலாம் என்று அது கணக்கிட்டது. அதற்கும் முன்பே, 1980களின் நடுவில் முடிவடைந்த தேசியக் கடற்கரை அரிப்பு ஆய்வு, நாட்டின் சுமார் 4,800 கிலோமீட்டர் கடற்கரையில் ஏறக்குறைய 29 விழுக்காடு அரிக்கப்பட்டு வருவதைக் கண்டறிந்திருந்தது. கடல் மேலேறும் முன்னரே கரை கரையத் தொடங்கிவிட்டது என்பதே இதன் பொருள்.

வெப்பநிலையும் சும்மா இருக்கவில்லை. 1969 முதல் 2009 வரை நாட்டின் பல்வேறு நிலையங்களில் எடுக்கப்பட்ட பதிவுகளின்படி, 50 ஆண்டுக்கு 0.6 முதல் 1.2 பாகை செல்சியஸ் என்ற வேகத்தில் சராசரி வெப்பநிலை உயர்ந்து வந்திருக்கிறது.

410 கிலோமீட்டரும் 9 கிலோமீட்டரும்

எதிர்கால மழையை எப்படிக் கணிக்கிறார்கள்? பூமியின் காற்று மண்டலத்தையும் கடலையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், காற்று, ஈரம் எப்படி மாறும் என்று கணினியைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். உலகம் முழுமைக்கும் செய்யப்படும் கணக்கு என்பதால் கட்டங்கள் மிகப் பெரியவை. நஹ்ரிம் முதலில் பயன்படுத்திய கனடா நாட்டு மாதிரியில் ஒரு கட்டத்தின் பக்கம் 410 கிலோமீட்டர். தீபகற்ப மலேசியாவின் அகலமே அவ்வளவு இல்லை! குவாந்தானுக்கும் கோலா சிலாங்கூருக்கும் ஒரே மழை என்று சொல்லும் கணக்கை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

இதற்காகவே நஹ்ரிம், அமெரிக்காவின் கலிபோர்னியா நீரியல் ஆய்வுக்கூடத்துடன் இணைந்து, 9 கிலோமீட்டர் கட்டங்களைக் கொண்ட வட்டார மாதிரியை உருவாக்கியது. தித்திவங்சா மலைத்தொடர் எங்கே எழுகிறது, பருவக்காற்று எந்தச் சரிவில் மோதுகிறது என்பதெல்லாம் இந்த அளவில்தான் தெரியவரும். 2006ஆம் ஆண்டில் முடிவடைந்த அந்த ஆய்வு, 1984 முதல் 1993 வரையிலான பத்தாண்டுகளை, 2025-2034, 2041-2050 ஆகிய எதிர்காலப் பத்தாண்டுகளோடு ஒப்பிட்டது. முதல் எதிர்காலப் பத்தாண்டில் நாம் இப்போதே கால் வைத்துவிட்டோம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முடிவுகள் என்ன? கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் ஆண்டு மழை 10 விழுக்காடு வரை கூடலாம். சிலாங்கூரிலும் ஜொகூரிலும் 5 விழுக்காடு வரை குறையலாம். ‘ஐந்து விழுக்காடுதானே?’ என்று தோன்றும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் பெய்யும் இடத்தில் அது 100 மில்லிமீட்டர் மட்டுமே. ஆனால் சராசரி பல நேரங்களில் உண்மையை மறைத்துவிடும். அதே ஆய்வு, மிகக் குறைவாக மழை பெய்யும் மாதத்தின் அளவு தீபகற்பம் முழுவதும் 32 முதல் 61 விழுக்காடு வரை குறையக்கூடும் என்கிறது. எடுத்துக்காட்டாக, வறண்ட மாதத்தில் 60 மில்லிமீட்டர் பெய்துவந்த ஓரிடத்தில் இனி 23 முதல் 41 மில்லிமீட்டர் வரைதான் பெய்யும். ஆண்டுக் கணக்கில் சிறிய குறை. வறண்ட மாதத்தில் பெரிய பள்ளம். மழை பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், ஓயும்போது நீண்ட நாள் ஓய்வதும் இனிவரும் காலத்தின் போக்கு எனலாம்.

இவை சோதிடம் அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘உலகம் இவ்வளவு கரியமில வாயுவை வெளியேற்றினால் இவ்வாறு நடக்கும்’ என்ற நிபந்தனையோடு கூடிய கணிப்புகள் இவை. 2006இன் ஆய்வு ஒரே ஓர் உலக மாதிரியை அடிப்படையாகக் கொண்டது. பின்னர் நஹ்ரிம் பல மாதிரிகளைச் சேர்த்து 2100ஆம் ஆண்டு வரை கணக்கை நீட்டித்தது. ஒரு மாதிரி சொல்வதை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அறிவியல் நம்பிக்கையைக் கட்டுகிறது.

மரம் மறப்பதில்லை

வறட்சி வந்தால் கீரைச்செடி மறுநாளே வாடிவிடும். செம்பனை அப்படியன்று. அது வறட்சியை உள்ளே எழுதி வைத்துக்கொண்டு பிறகுதான் பேசும்.

செம்பனையில் ஒரு பூங்குலை ஆணாவதா பெண்ணாவதா என்பது, பழக்குலை அறுவடையாவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. நீர் போதாமல் மரம் தவிக்கும் காலத்தில் ஆண் பூங்குலைகளே மிகுதியாகத் தோன்றும். ஆண் பூவில் பழம் ஏது? வறட்சி கடுமையானால், உருவாகிக்கொண்டிருக்கும் இளம் குலைகளும் உதிர்ந்துவிடும். இதன் விளைவு ஓராண்டுக்குள் தெரியவரும். ஆக, ஒரே வறட்சி இரண்டு முறை அடிக்கிறது. மாதத்துக்கு 100 மில்லிமீட்டருக்குக் குறையாத மழையை எதிர்பார்க்கும் பயிர் இது. மேலே கண்ட ‘வறண்ட மாதத்துப் பள்ளம்’ ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும்.

இதற்கு ஏட்டுச் சான்று மட்டுமல்ல, நாட்டுச் சான்றும் உண்டு. 2015-2016இல் வந்த எல் நினோ வறட்சியின் விளைவாக, நாட்டின் கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தி 2015ஆம் ஆண்டின் 19.96 மில்லியன் டன்னிலிருந்து 2016இல் 17.32 மில்லியன் டன்னுக்கு இறங்கியது. ஏறக்குறைய 13 விழுக்காட்டு வீழ்ச்சி. பொருளாதாரப் பக்கங்களில் இது ஏற்றுமதிச் செய்தியாக வந்தது. குலைக் கணக்கில் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இது வீட்டுச் செய்தி. மரத்தில் குலை இல்லையென்றால் கையிலும் காசு இல்லை.

மதகு சொல்லும் பாடம்

இனி கடலுக்கு வருவோம். இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

கடலோரத் தோட்டத்து மதகின் கதவு மிக எளிமையான கருவி. கடல் வற்றும்போது உள்ளே நிற்கும் கால்வாய் நீர் உயரமாக இருக்கும். அது கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது வெளிநீர் கதவை அழுத்தி மூடிவிடும். பெட்ரோல் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் கடலே திறந்து மூடும் வேலைக்காரன். சில இடங்களில் ஆள் நின்று கதவை ஏற்றி இறக்குவார், தத்துவம் ஒன்றுதான்.

இப்போது கடலின் சராசரி மட்டம் சற்று உயர்வதாக வைத்துக்கொள்வோம். பண்டின் மேல் நீர் வழிவதற்கு இன்னும் வெகுநாள் ஆகலாம். ஆனால் மதகு திறந்திருக்கும் நேரம் அன்றே குறையத் தொடங்கிவிடும். ஏனெனில் உள்நீரைவிடக் கடல்நீர் தாழ்ந்திருக்கும் பொழுது சுருங்குகிறது. ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிலாங்கூர்க் கடற்கரையில் பெருங்கடல் ஏற்ற நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட உயரம் நான்கு மீட்டர் என்று கொள்வோம். பாதி உயரத்தில் இருக்கும்போது நீர், மணிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் மாறும். கடல்மட்டம் அரை மீட்டர் உயர்ந்தால், மதகு அரை மணி தாமதமாகத் திறந்து அரை மணி முன்னதாக மூடிக்கொள்ளும். நாளுக்கு இரண்டு வற்றங்கள் என்பதால் மொத்தம் இரண்டு மணி நேரம் பறிபோகிறது. ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கும் நாள்களில் நீர் மெதுவாக மாறுவதால் இழப்பு இன்னும் கூடும்.

மழையோடு சேர்த்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். கொட்டித் தீர்க்கும் மழை பெய்யும் இரவில் கடலும் ஏறி நின்றால், மதகு மூடியே கிடக்கும். வெளியேற வழியில்லாத நீர் கால்வாயிலிருந்து காட்டுக்கும், காட்டிலிருந்து குடியிருப்புக்கும் ஏறும். வெள்ளம் கடலிலிருந்து வந்ததாக யாருக்கும் தோன்றாது. ‘கால்வாயைத் தூர் எடுக்கவில்லை’ என்றுதான் பேச்சு வரும். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கடல் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாது.

ஆய்வுகள் சொல்லும் அளவு என்ன? நஹ்ரிம் 2010ஆம் ஆண்டில் முடித்த கடல்மட்ட ஆய்வு, 2100ஆம் ஆண்டுக்குள் தீபகற்பக் கரைகளில் ஏறக்குறைய 0.25 முதல் 0.5 மீட்டர் வரையும், சபாவின் சில கரைகளில் ஒரு மீட்டர் அளவுக்கும் உயர்வு இருக்கும் என்று கணித்தது. பின்னர் வந்த கணிப்புகள் தீபகற்பத்துக்கும் ஏறக்குறைய 0.7 மீட்டர் என்று கூட்டிச் சொல்கின்றன. 2021இல் வெளிவந்த அனைத்துலகப் பருவநிலைக் குழுவின் அறிக்கைப்படி, உலகக் கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006க்குப் பின் அதன் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர்.

தாழும் மண்

3.7 மில்லிமீட்டர் என்பது மிகச் சிறிய அளவுதான். ஆனால் கடல் மட்டும் ஏறவில்லை. சில இடங்களில் மண்ணும் இறங்குகிறது.

பீட் மண் என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறி, மட்கிப் போகாமல் சேர்ந்த மரமும் இலையும்தான். நீரை வடித்துவிட்டால் அது காற்றுப்பட்டு மட்கத் தொடங்கும், கரியமில வாயுவாக மாறி வானேறும், நிலம் தாழும். வடிகாலிட்ட பீட் நிலம் தொடக்க ஆண்டுகளில் வேகமாகவும், பின்னர் ஆண்டுக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் அளவிலும் தாழ்கிறது. கடல் ஏறும் வேகத்தைவிட இது ஏறத்தாழ பத்து மடங்கு. நிலம் தாழ்ந்தால் கால்வாயை ஆழப்படுத்த வேண்டும். ஆழப்படுத்தினால் நிலம் மேலும் தாழும். பீட் மண்ணில் பழைய வீடுகளின் படிக்கட்டு அந்தரத்தில் நிற்பதையும், செம்பனை மரங்கள் வேர் தெரியச் சாய்ந்து கிடப்பதையும் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

வட சிலாங்கூரில் ராஜா மூசா, சுங்கை காராங் ஆகிய வனக்காப்பகங்கள் சேர்ந்து 70,000 ஹெக்டருக்கும் மேற்பட்ட பீட் காடாக விளங்குகின்றன. பெர்ணம் ஆற்றிலிருந்து தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்களுக்குச் செல்லும் பாசன நீர் இக்காட்டின் ஓரமாகவே வருகிறது. ஏறக்குறைய 19,000 ஹெக்டர் நெல் வயலுக்கு இக்காடு ஒரு நீர்த்தொட்டி போன்றது. வறண்ட ஆண்டுகளில் காய்ந்த பீட் தீப்பற்றிக்கொண்டால், தீ மண்ணுக்கடியில் நாள்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும்; புகைமூட்டம் பள்ளிக்கூட வாசல்வரை வரும். அதனால்தான் 2008ஆம் ஆண்டு முதல் சிலாங்கூர் வனத்துறையும் அரசு சாரா அமைப்பொன்றும் ராஜா மூசாவில் பழைய கால்வாய்களை அடைத்து, நீரைத் தேக்கி, மரம் நட்டு வருகின்றன. கால்வாய் வெட்டி நாடு கண்ட இடத்தில், இன்று கால்வாயை அடைப்பது வளர்ச்சியாகிறது.

ஓர் ஆறு, பல கைகள்

சிலாங்கூர் ஆறு பிரேசர் மலைப் பக்கத்தில் பிறந்து கோலா சிலாங்கூரில் கடலைத் தொடுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் நீரில் பாதிக்கும் மேல் இந்த ஆற்று நீர்தான். 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மழை பொய்த்து, கோலகுபு பாருவில் உள்ள சிலாங்கூர் ஆற்று அணையின் நீர்மட்டம் இறங்கியபோது, இலட்சக்கணக்கான வீடுகளுக்குப் பங்கீட்டு முறையில்தான் தண்ணீர் வந்தது. அதன்பின் பெஸ்தாரி ஜெயாப் பக்கத்தில் உள்ள பழைய ஈயலம்பக் குட்டைகளின் நீரை ஆற்றுக்கு இறைத்துத் தரும் திட்டத்தை மாநில அரசாங்கம் செயல்படுத்தியது.

மேலே நீர் எடுக்க எடுக்க, கீழே என்ன ஆகும்? ஆற்றின் நன்னீர் குறைந்தால் கடலின் உப்புநீர் மேலேறி வரும். கம்போங் குவாந்தானின் மின்மினிகள் அமரும் பெரெம்பாங் மரங்கள் உப்பும் நன்னீரும் அளவாகக் கலந்த கரையில்தான் வளரும். கரையோரத் தோட்டங்களின் கால்வாய்க்கும் அந்த உப்பு வரும். செம்பனை உப்பைத் தாங்கும் மரமன்று. வறட்சியும் கடல் உயர்வும் ஒன்றையொன்று கைகோத்துக்கொள்ளும் இடம் ஆற்று முகத்துவாரமே. கோலா சிலாங்கூர் அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே 1987ஆம் ஆண்டில் அமைந்த இயற்கைப் பூங்காவின் கண்டல் காடு, அலையின் வேகத்தை உடைத்துச் சேற்றைப் பிடித்து வைக்கும் இயற்கைப் பண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அறிக்கைகளில் இல்லாத அலகு

2021ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த மழை சிலாங்கூரைப் புரட்டிப் போட்டது. அந்தப் பருவத்து வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்றும், அதில் பாதிக்கு மேல் சிலாங்கூரில்தான் என்றும் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவை நாடறியும். கோலா சிலாங்கூர் மாவட்டத்திலும் மக்கள் துயர்துடைப்பு மையங்களுக்குச் சென்றனர் என்பது பலருக்கு நினைவில் இல்லை.

இங்கேதான் இக்கட்டுரையின் மையக் கேள்வி எழுகிறது. ஆய்வறிக்கைகளின் அலகுகள் மில்லிமீட்டர், ஹெக்டர், டன், ரிங்கிட் ஆகியவை. அறிவியலுக்கு அவை வேண்டும். அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. செம்பனை அத்தியாயம் விளைச்சலைப் பேசுகிறது. நீர் அத்தியாயம் ஆற்றோட்டத்தைப் பேசுகிறது. கடற்கரை அத்தியாயம் பண்டின் உயரத்தைப் பேசுகிறது. இந்த மூன்று அத்தியாயங்களுக்கும் நடுவில் ஒரே குடும்பம் வாழ்கிறது. அப்பா குலை வெட்டுகிறார் அல்லது லோரி ஓட்டுகிறார். தாழ்ந்த நிலத்தில் பழைய லயமோ மலிவு விலைத் தரைவீடோ இருக்கிறது. குழாயில் சிலாங்கூர் ஆற்று நீர் வருகிறது. விளைச்சல் விழும்போதும், வெள்ளம் ஏறும்போதும், தண்ணீர் நிற்கும்போதும் பாதிப்பது அதே வீட்டைத்தான். அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துப் படித்தால் அந்த வீடு தெரியாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குலை வெட்டும் வேலை பெரும்பாலும் அந்நியத் தொழிலாளர் கைக்குப் போய்விட்ட நிலையில், ‘இனி நமக்கென்ன?’ என்று கேட்போரும் உண்டு. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் எல்லாரும் மேட்டுக்குப் போகவில்லை. பலர் அதே வட்டாரத்தின் தாமான்களிலும் கம்பங்களிலும்தான் இருக்கிறார்கள். கூலி மாறியிருக்கலாம், கால்வாய் மாறவில்லை.

நம் கையில் உள்ள பணி

தேசியப் பருவநிலை மாற்றக் கொள்கையை 2009ஆம் ஆண்டில் வகுத்த நம் நாடு, 2024ஆம் ஆண்டில் அதைத் திருத்தி வெளியிட்டது. இனிவரும் ஆண்டுகளில் எந்தப் பண்டை உயர்த்துவது, எந்த மதகுக்கு நீரிறைக்கும் பம்பு வைப்பது, எந்தக் குடியிருப்பை இடம் மாற்றுவது என்ற முடிவுகள் எடுக்கப்படும். அப்போது மேசைமேல் சான்று உள்ள இடத்துக்கே முதலில் பணம் போகும். சான்று இல்லாத குடியிருப்பு வரைபடத்தில் வெறும் பச்சை நிறமாகவே இருந்துவிடும்.

அந்தச் சான்றைச் சேர்ப்பதில் நம் சமுதாயத்துக்கு ஒரு பழைய பங்கு உண்டு. இந்நாட்டின் நீண்டகால மழைப் பதிவுகளில் கணிசமானவை தோட்டங்களில் எடுக்கப்பட்டவை. தோட்ட அலுவலகத்தின் முன்னால் வேலி போட்ட இடத்தில் ஒரு மழைமானி நிற்கும். காலை நேரத்தில் அலுவலகப் பையன் அளந்து சொல்ல, கிராணி பேரேட்டில் எழுதுவார். ஜே.பி.எஸ். மழை நிலையங்களில் பல இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கியிருக்கின்றன. கோலாலம்பூரில் ‘லாடாங் எடின்பரோ’ என்று ஒரு நிலையம் உண்டு. தோட்டம் நகரமாகிவிட்டது, பெயர் மழைக் கணக்கில் மட்டும் வாழ்கிறது. அந்தப் பழைய எண்கள் இல்லாவிட்டால், எதிர்காலத்தை ஒப்பிட்டுப் பார்க்க இறந்தகாலம் இருந்திருக்காது.

ஆகவே வட சிலாங்கூரைச் சேர்ந்த மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் செய்யக்கூடிய சில பணிகள் தெளிவாகவே தெரிகின்றன. மூடப்படும் தோட்ட அலுவலகங்களில் மழைப் பேரேடுகள் இருந்தால், குப்பைக்குப் போகும் முன் அவற்றைப் படம் எடுத்துப் பாதுகாக்கலாம். ஓய்வுபெற்ற கிராணிமார், மண்டோர்கள், மதகு காத்தவர்கள் ஆகியோரிடம், எந்த ஆண்டில் எதுவரை நீர் ஏறியது, பண்டு எங்கே உடைந்தது என்று கேட்டு எழுதலாம். கோயில் படி, பள்ளிச் சுவர் போன்ற அசையாத இடங்களில் வெள்ள அளவைக் குறித்து, தேதியோடு பதியலாம். பொறியியல், புவியியல் பயிலும் மாணவர்கள் தங்கள் இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தாங்கள் வளர்ந்த தோட்டத்து மதகையே எடுத்துக்கொள்ளலாம்; அது நாளுக்கு எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்பதே நல்லதோர் ஆய்வுத் தலைப்பு. சமூகவியல் மாணவர்கள் ஒரு குடியிருப்பின் வருமானம், வெள்ளம், நீர்த்தடை ஆகிய மூன்றையும் ஒரே அட்டவணையில் வைக்கலாம். மொழி பயில்வோர் அறிக்கைகளின் சாரத்தைத் தமிழில் தரலாம். ‘நீர்மட்டம் 0.5 மீட்டர்’ என்பதைவிட ‘மதகு இரண்டு மணி நேரம் குறைவாகத் திறக்கும்’ என்பது பாட்டிக்கும் புரியும்.

பெரட்டுக் களத்தில் நின்ற தலைமுறைக்கு எண்ணைப் படிக்கும் வாய்ப்பு இல்லை. மண்ணைப் படிக்கத் தெரிந்திருந்தது. நமக்கு எண்ணைப் படிக்கும் கல்வி கிடைத்திருக்கிறது. மண்ணைப் படித்தவர்கள் நம் வீடுகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அந்த இரண்டு படிப்புகளையும் ஓரிடத்தில் சேர்த்து வைப்போமாக.